ஏ.பி. ‘அமெரிக்க அரசாங்கமும் அரசியலும்’ தேர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காகக் காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்தும், கல்லூரித் தரத்திலான ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) தேர்வுகளுள் ‘யு.எஸ். கவர்ன்மென்ட் அண்ட் பாலிடிக்ஸ்’ என்பதும் ஒன்று. அங்கு வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் இத்தேர்வைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இது மனப்பாடத் தேர்வு என்று எண்ணிப் படிப்பவர்களே இதில் அதிகம் இடறுகிறார்கள் என்பதால், சில பதில்கள் நீளமாகவே அமைந்துள்ளன.

தேர்வு எப்படி அமைந்திருக்கிறது?

மூன்று மணி நேரத் தேர்வு இரண்டு பகுதிகளாக நடைபெறுகிறது. முதற்பகுதியில் 55 கொள்குறி வினாக்களுக்கு 80 நிமிடங்களும், இரண்டாம் பகுதியில் எழுதி விடையளிக்க வேண்டிய 4 வினாக்களுக்கு (கருத்துப் பயன்பாடு, தரவுப் பகுப்பாய்வு, வழக்கு ஒப்பீடு, வாதக் கட்டுரை) 100 நிமிடங்களும் தரப்படுகின்றன. மொத்த மதிப்பெண்ணில் இரு பகுதிகளுக்கும் சரிபாதிப் பங்கு உண்டு. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. ஆகவே கொள்குறி வினா எதையும் விடையளிக்காமல் விட்டுவிடக் கூடாது. 2025 மே மாதத்திலிருந்து இத்தேர்வு முழுவதும் புளூபுக் செயலி வழியாகக் கணினியிலேயே நடத்தப்படுகிறது. முடிவு 1 முதல் 5 வரையிலான மதிப்பெண்ணாக ஜூலை மாதத்தில் வெளிவரும்.

பாடத்திட்டத்தின் ஐந்து அலகுகளில் எதற்கு அதிக நேரம் ஒதுக்க வேண்டும்?

கொள்குறிப் பகுதியில் இரண்டாம் அலகுக்கு, அதாவது காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்), குடியரசுத் தலைவர், நீதிமன்றங்கள், அதிகாரவர்க்கம் ஆகியவற்றின் உறவைப் பேசும் அலகுக்கு, 25 முதல் 36 விழுக்காடு வரை பங்கு இருக்கிறது. அரசியல் பங்கேற்பைப் பற்றிய ஐந்தாம் அலகு 20 முதல் 27 விழுக்காடும், அடித்தளங்களைப் பற்றிய முதல் அலகு 15 முதல் 22 விழுக்காடும் பெறுகின்றன. குடிமைச் சுதந்திரங்களைப் பேசும் மூன்றாம் அலகில் சுவையான வழக்குகள் நிறைந்திருப்பதால் மாணவர்கள் வாரக்கணக்கில் அதிலேயே தங்கிவிடுகிறார்கள். ஆனால் அதன் பங்கு 13 முதல் 18 விழுக்காடுதான். கருத்தியல்களைப் பற்றிய நான்காம் அலகு 10 முதல் 15 விழுக்காடு.

இரண்டாம் அலகிலும் பெரும்பாலோர் மேலோட்டமாகக் கடந்துபோகும் பகுதி அதிகாரவர்க்கம். காங்கிரஸ் பொதுவான சொற்களில் ஒரு சட்டத்தை இயற்றுகிறது. அதை நடைமுறைப்படுத்தும் விரிவான விதிகளைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை போன்ற அமைப்புகள் வகுக்கின்றன. தேர்ந்தெடுக்கப்படாத அந்த அலுவலர்களுக்கு எவ்வளவு விருப்புரிமை இருக்கலாம், அவர்களை யார் எந்த வழியில் கட்டுப்படுத்த முடியும் என்ற கேள்வி அலகு முழுவதையும் இணைத்துப் பார்க்க உதவுகிறது. தெளிவற்ற சட்டத்துக்கு முகமை தரும் பொருளை நீதிமன்றங்கள் ஏற்க வேண்டும் என்று 1984-இல் வந்த செவ்ரான் வழக்குத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024-இல் கைவிட்டது. அது தேர்வுக்குக் கட்டாயமாகப் படிக்க வேண்டிய வழக்குகளின் பட்டியலில் இல்லாத தீர்ப்புதான். ஆனாலும் நீதிமன்றம் அதிகாரவர்க்கத்தைக் கட்டுப்படுத்தும் விதத்துக்கு இதைவிடத் தெளிவான அண்மைச் சான்று கிடைப்பது அரிது.

அடிப்படை ஆவணங்களை மூலத்திலேயே படிக்க வேண்டுமா, சுருக்கம் போதாதா?

மூலத்தைப் படித்தே ஆக வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. பட்டியலில் இருப்பவை ஒன்பதுதான்: விடுதலைப் பிரகடனம், அரசியலமைப்புச் சட்டத்துக்கு முன் நடப்பில் இருந்த கூட்டமைப்பு விதிகள், அரசியலமைப்புச் சட்டம், அதை ஆதரித்து எழுதப்பட்ட ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் 10, 51, 70, 78 ஆகிய நான்கு, அதை எதிர்த்து ‘புரூட்டஸ்’ என்ற புனைபெயரில் ஒருவர் எழுதிய முதல் கட்டுரை, மார்ட்டின் லூதர் கிங் 1963 ஏப்ரலில் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதம். அரசியலமைப்புச் சட்டத்தையும் கிங்கின் கடிதத்தையும் தவிர மற்றவற்றுள் பெரும்பாலானவற்றை ஒவ்வொன்றும் ஒரே அமர்வில் படித்துவிடலாம்.

சுருக்கத்தில் கிடைக்காதது வாதத்தின் ஓட்டம். ஜேம்ஸ் மேடிசன் எழுதிய ஃபெடரலிஸ்ட் 10-ஐ எடுத்துக்கொள்வோம். ‘மேடிசன் குழுச்சார்பை எதிர்த்தார், பெரிய குடியரசை ஆதரித்தார்’ என்று சுருக்கம் சொல்லும். மூலத்தில் மேடிசன் படிப்படியாக நடக்கிறார். பிறர் உரிமைக்கோ பொது நலத்துக்கோ எதிராக ஒன்றுசேரும் குழுக்களின் காரணத்தை அகற்றலாமா என்று முதலில் கேட்கிறார். அதற்குச் சுதந்திரத்தையே அழிக்க வேண்டும், அல்லது எல்லாரையும் ஒரே கருத்துடையவராக்க வேண்டும். முதலாவது நோயைவிடக் கொடியது, இரண்டாவது நடவாதது. ஆகவே காரணத்தை விட்டுவிட்டு விளைவைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற முடிவுக்கு வருகிறார். பரந்த குடியரசில் நலன்கள் பலவாக இருப்பதால் எந்த ஒரு குழுவும் பெரும்பான்மையாகத் திரண்டு பிறரை ஒடுக்குவது கடினமாகிறது. இந்தப் படிகளை அறிந்த மாணவர், நலக்குழுக்களைப் பற்றிய ஐந்தாம் அலகு வினாவிலும் இதே கட்டுரையைச் சான்றாக வைக்க முடியும்.

அதன் பிறகு உடனே புரூட்டஸைப் படியுங்கள். இவ்வளவு பரந்த நாட்டில் பிரதிநிதிகள் மக்களை அறியமாட்டார்கள், மக்களும் அவர்களை நம்பமாட்டார்கள் என்கிறார் அவர். தேவையான, பொருத்தமான சட்டங்களை இயற்றும் அதிகாரமும், கூட்டாட்சிச் சட்டமே மேலானது என்ற பிரிவும் சேர்ந்து மாநிலங்களை விழுங்கிவிடும் என்று அஞ்சுகிறார். பெரிய குடியரசு என்ற ஒரே பொருளில் இருவரும் நேரெதிராக நிற்பதால், வாதக் கட்டுரையில் மாற்றுக் கருத்துக்குப் பதில் தரும் பயிற்சி இந்த இரண்டு ஆவணங்களிலேயே கிடைத்துவிடுகிறது.

கூட்டமைப்பு விதிகளைப் படிக்கும்போது 1786-87-இல் மேற்கு மாசசூசெட்ஸில் கடனில் தவித்த விவசாயிகள் நடத்திய ஷேஸ் கிளர்ச்சியையும் சேர்த்து நினைவில் கொள்ளுங்கள். வரி விதிக்கும் அதிகாரமில்லாத மைய அரசால் அதை அடக்கப் படை திரட்ட இயலாமற்போனது.

கட்டாய வழக்குகள் எத்தனை? ஒரு புத்தகத்தில் 15 என்றும் இன்னொன்றில் 14 என்றும் இருக்கிறதே?

இப்போது 14. கருக்கலைப்பு உரிமை பற்றிய ரோ எதிர் வேட் (1973) தீர்ப்பை 2022-இல் டாப்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தள்ளியதையடுத்து அது பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. உங்கள் கையிலுள்ள புத்தகத்தில் 15 என்று இருந்தால் அது பழைய பதிப்பு.

வழக்குகள் ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன. எப்படி நினைவில் வைப்பது?

பெயர், ஆண்டு, தீர்ப்பு என்று அட்டையில் எழுதி ஒப்பிப்பதைவிட, ஒரே கேள்விக்கு வெவ்வேறு விடை தந்த வழக்குகளை இணை இணையாகப் படிப்பது நிலைத்து நிற்கும்.

பேக்கர் எதிர் கார் (1962), ஷா எதிர் ரீனோ (1993) ஆகிய இரண்டும் தொகுதி எல்லைகளைப் பற்றியவை; இரண்டுமே பதினான்காம் திருத்தத்தின் சமப் பாதுகாப்புப் பிரிவைத் தொடுகின்றன. மாணவர்கள் மிகுதியாகக் குழப்பிக்கொள்ளும் இணை இதுதான். டென்னசி மாநிலம் 1901-க்குப் பிறகு சட்டமன்றத் தொகுதிகளை மாற்றியமைக்கவே இல்லை. நகரங்கள் பெருத்தபின்னும் கிராமப்புறத்து ஒரு வாக்குக்கு நகரத்து வாக்கைவிடப் பன்மடங்கு வலு இருந்தது. இத்தகைய புகாரை நீதிமன்றம் விசாரிக்கலாம் என்பதே பேக்கர் வழக்கின் தீர்ப்பு. ‘ஒருவருக்கு ஒரு வாக்கு’ என்ற கோட்பாட்டுக்கு அது வழி திறந்தது. ஷா வழக்கில் மக்கள்தொகைக் கணக்கு சிக்கலே இல்லை. வட கரோலினாவின் 12-ஆம் தொகுதி, கறுப்பின வாக்காளர்கள் பெரும்பான்மையாக அமையும்படி, 85-ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி ஏறத்தாழ 160 மைல் நீளத்துக்குப் பாம்புபோல் வரையப்பட்டிருந்தது. இனத்தைத் தவிர வேறு எதனாலும் விளக்க முடியாத வடிவமென்றால் நீதிமன்றம் அதை மிகக் கடுமையான அளவுகோலால் ஆராயும் என்று 5-4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. தேர்வுக்கு முன் அந்தத் தொகுதியின் வரைபடத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரண்டு வழக்குகளும் மீண்டும் குழம்பமாட்டா.

மெக்கல்லக் எதிர் மேரிலாந்து (1819) கூட்டாட்சி அரசின் கையை வலுப்படுத்தியது. தேசிய வங்கியை நிறுவக் காங்கிரஸுக்கு (வெளிப்படையாகச் சொல்லப்படாத) உட்கிடை அதிகாரம் உண்டு, மாநிலம் அதன்மீது வரி விதிக்க முடியாது. லோப்பஸ் வழக்கு (1995) அந்தக் கைக்கு எல்லை வகுத்தது. பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவருவது மாநிலங்களுக்கு இடையிலான வணிகமாகாது, ஆகவே காமர்ஸ் கிளாஸை (வணிகப் பிரிவை) வைத்துக் காங்கிரஸ் அதைத் தடைசெய்ய இயலாது. கிடியன் (1963), மெக்டொனால்டு (2010) ஆகியவை ஆறாம் திருத்தத்தின் வழக்கறிஞர் உரிமையையும் இரண்டாம் திருத்தத்தின் ஆயுத உரிமையையும் பதினான்காம் திருத்தத்தின் வழியாக மாநிலங்களுக்கும் பொருத்தின. எங்கெல் (1962), யோடர் (1972) ஆகிய இரண்டும் மதத்தைப் பற்றியவையானாலும் பிரிவுகள் வேறு: பள்ளியில் அரசு எழுதிக்கொடுத்த வழிபாடு முதலாவது, எட்டாம் வகுப்புக்குப் பின் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்த ஆமிஷ் பெற்றோரின் வழிபாட்டுரிமை இரண்டாவது.

வழக்கு ஒப்பீட்டு வினாவுக்கு எப்படி எழுதுவது?

பட்டியலில் இல்லாத ஒரு வழக்கின் விவரத்தை வினாவே தரும். கட்டாய வழக்கு ஒன்றோடு அதை நீங்கள் ஒப்பிட வேண்டும். கட்டாய வழக்கின் விவரம் வினாவில் இராது. அது உங்கள் நினைவிலிருந்து வர வேண்டும். மொத்தம் 4 மதிப்பெண்கள்.

பயிற்சிக்குத் தமிழர்களோடு நேரடித் தொடர்புடைய ஒரு வழக்கையே எடுத்துக்கொள்ளலாம்: ஹோல்டர் எதிர் ஹியூமானிட்டேரியன் லா புராஜெக்ட் (2010). விடுதலைப் புலிகளையும் குர்திஷ் தொழிலாளர் கட்சியையும் அமெரிக்க அரசு 1997-இல் வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்புகளாக அறிவித்திருந்தது. அத்தகைய அமைப்புகளுக்குப் பொருண்மையான ஆதரவு தருவது குற்றம் என்பது 1996-ஆம் ஆண்டுச் சட்டம். சட்டத்துக்கு உட்பட்ட, வன்முறையற்ற பணிகளில் மட்டும் அவ்வமைப்புகளுக்கு உதவ விரும்பிய சிலர், அமெரிக்கத் தமிழ் அமைப்புகள் உட்பட, இச்சட்டம் தங்கள் பேச்சுரிமையைப் பறிக்கிறது என்று வழக்குத் தொடுத்தார்கள். சமாதானப் பேச்சுவார்த்தைக்குப் பயிற்சி தருவதும், ஆழிப்பேரலை நிவாரணம் கோரும் முறையைக் கற்றுத்தருவதும் அவர்கள் செய்ய விரும்பிய பணிகளுள் அடங்கும். நீதிமன்றம் 6-3 என்ற பெரும்பான்மையில் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. தனித்து நின்று ஆதரவாகப் பேசுவதைச் சட்டம் தடுக்கவில்லை என்றும், அமைப்போடு ஒருங்கிணைந்து தரும் பயிற்சி அதன் வேறு வளங்களை வன்முறைக்கு விடுவிக்கவும் அதற்கு நற்பெயர் தேடித்தரவும் கூடும் என்றும் கூறியது.

இதை ஷெங்க் எதிர் அமெரிக்க ஐக்கிய நாடுகள் (1919) வழக்கோடு ஒப்பிடச் சொன்னால், முதற்பிரிவில் இரண்டுக்கும் பொதுவானது முதல் திருத்தத்தின் பேச்சுரிமைப் பிரிவு என்று ஒரே வாக்கியத்தில் எழுதிவிடலாம். இரண்டாம் பிரிவில்தான் பலர் மதிப்பெண்ணை இழக்கிறார்கள். ‘இரண்டிலும் அரசு வென்றது’ என்பது விளக்கமாகாது. முதல் உலகப் போரின்போது கட்டாயப் படைச்சேர்ப்பை எதிர்க்கும்படி துண்டறிக்கைகளை அனுப்பியதற்காக ஷெங்க் தண்டிக்கப்பட்டார் என்ற நிகழ்வை முதலில் சொல்ல வேண்டும். காங்கிரஸ் தடுக்க உரிமையுள்ள தீங்குக்கு வெளிப்படையான, உடனடியான அபாயத்தை உண்டாக்கும் சொற்களுக்குப் போர்க்காலத்தில் பாதுகாப்பில்லை என்று நீதிமன்றம் கருதியதை அடுத்துக் குறிப்பிட வேண்டும். அதன் பிறகு, இரண்டு வழக்குகளிலும் நாட்டின் பாதுகாப்பு என்ற அரசின் நலனைப் பேச்சுரிமையைவிடக் கனமானதாக நீதிமன்றம் எடைபோட்டதால்தான் தீர்ப்புகள் ஒத்திருக்கின்றன என்று காரணத்தை எழுத வேண்டும். கடைசிப் பிரிவு தீர்ப்புக்குப் பிந்தைய அரசியல் செயல்பாட்டைக் கேட்கக்கூடும். சமாதானப் பயிற்சிக்கு விலக்களித்துச் சட்டத்தைத் திருத்தும்படி காங்கிரஸை வலியுறுத்தலாம் என்பது பொருத்தமான விடை.

எழுத்து வினாக்களில் வரும் ‘ஐடென்டிஃபை’ (குறிப்பிடு), ‘டிஸ்கிரைப்’ (விவரி), ‘எக்ஸ்பிளெயின்’ (விளக்கு) ஆகியவற்றுக்குள் வேறுபாடு என்ன?

காங்கிரஸ் அதிகாரவர்க்கத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு வழியைக் கேட்டால், ‘நிதி ஒதுக்கும் அதிகாரம்’ என்பது ஐடென்டிஃபைக்குப் போதும். ‘ஒவ்வொரு முகமையும் எவ்வளவு செலவிடலாம் என்பதைக் காங்கிரஸ் தீர்மானிக்கிறது’ என்பது டிஸ்கிரைப். ‘நிதியில்லாமல் எந்த முகமையும் தன் விதிகளைச் செயல்படுத்த முடியாது, ஆகவே ஒதுக்கீடு குறைக்கப்படும் என்ற அச்சம், காங்கிரஸின் நோக்கத்திலிருந்து விலகிய முகமையைத் தன் போக்கை மாற்றிக்கொள்ளச் செய்கிறது’ என்பது எக்ஸ்பிளெயின். கருத்துப் பயன்பாட்டு வினா, தரவுப் பகுப்பாய்வு வினா ஆகிய இரண்டிலும் மதிப்பெண் போவதும் வருவதும் இந்தக் காரணத் தொடரில்தான். தரவு வினாவில் கூடுதலாக ஒன்று: அட்டவணையிலுள்ள எண்ணையும் அதன் அலகையும் விடையில் அப்படியே எடுத்தெழுதுங்கள்.

வாதக் கட்டுரையில் 6 மதிப்பெண்ணையும் பெறுவது எப்படி?

நிலைப்பாட்டுக்கு 1, சான்றுக்கு 3, சான்றை நிலைப்பாட்டோடு இணைக்கும் தர்க்கத்துக்கு 1, மாற்றுக் கருத்துக்குத் தரும் பதிலுக்கு 1 என்று மதிப்பெண்கள் பிரிகின்றன. வினாவில் தரப்படும் ஆவணங்களுள் ஒன்றிலிருந்தாவது சான்று வர வேண்டும்.

வாழ்நாள் பதவி வகிக்கும் நீதிபதிகளுக்கு நீதிப் புனராய்வு அதிகாரம் (அரசியலமைப்புக்கு முரணான சட்டத்தைச் செல்லாதென அறிவிக்கும் அதிகாரம்) இருப்பது மக்களாட்சிக்கு வலுச் சேர்க்கிறதா என்பது வினாவானால், ‘ஆம், வலுச் சேர்க்கிறது’ என்பது நிலைப்பாடாகாது. ‘பெரும்பான்மையின் தற்காலிகச் சினத்திலிருந்து அரசியலமைப்பு தந்த உரிமைகளைக் காப்பவர்கள், மறுதேர்தலை எண்ணி அஞ்சத் தேவையில்லாதவர்களாக இருப்பதால், அது மக்களாட்சிக்கு வலுச் சேர்க்கிறது’ என்று காரணத்தோடு எழுத வேண்டும். நீதித்துறையின் சுதந்திரத்தை ஆதரிக்கும் ஃபெடரலிஸ்ட் 78 முதற்சான்று. பள்ளிகளில் இனப் பிரிவினையைச் செல்லாதென அறிவித்த, 1954-ஆம் ஆண்டின் பிரவுன் வழக்கு இரண்டாவது. கூட்டாட்சி நீதிமன்றங்கள் மாநில நீதிமன்றங்களின் இடத்தைப் பறித்துவிடும் என்ற புரூட்டஸின் அச்சத்தை எடுத்துச்சொல்லி, பிறகு அதற்கு மறுமொழி தர வேண்டும். எதிர்க்கருத்தைச் சொல்லிவிட்டு மறுமொழி தராமல் நிறுத்தினால் அந்த ஒரு மதிப்பெண் கிடைக்காது. இந்தக் கட்டுரைக்கு 40 நிமிடங்களும் மற்ற மூன்று வினாக்களுக்குத் தலா 20 நிமிடங்களும் ஒதுக்கும்படி பரிந்துரைக்கப்படுகிறது. நான்கு வினாக்களுக்கும் சம மதிப்பு இருப்பதால், கட்டுரையில் ஆழ்ந்து மற்றவற்றை இழந்துவிடக் கூடாது.

என் அரசியல் கருத்தை எழுதினால் திருத்துபவர் மதிப்பெண்ணைக் குறைப்பாரா?

குறைக்கமாட்டார். நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதற்கு மதிப்பெண் அட்டவணையில் இடமே இல்லை. ஆனால் நடப்பிலுள்ள தலைவர்களைப் புகழ்ந்தோ இகழ்ந்தோ எழுதும் வரிகள் நேரத்தைத் தின்றுவிடும். அவற்றில் சான்று இருப்பதில்லை.

இந்திய அரசியலை நன்கு அறிந்த பெற்றோரால் பிள்ளைக்கு உதவ முடியுமா?

முடியும். ஆனால் நாடாளுமன்ற முறையின் எண்ணப்போக்கை முதலில் ஒதுக்கி வைக்க வேண்டும். இந்தியாவில் மக்களவையின் நம்பிக்கையை இழந்த அரசு கவிழ்ந்துவிடும். அமெரிக்காவில் குடியரசுத் தலைவர் ஒரு கட்சியாகவும் அவையின் பெரும்பான்மை வேறு கட்சியாகவும் இருந்தபடியே ஆட்சி தொடரும். நிதி மசோதாவில் இணக்கம் ஏற்படாவிட்டால் 2018-19-இல் நடந்ததுபோல 35 நாட்கள் அரசு அலுவலகங்கள் முடங்கிக் கிடக்கலாம், ஆனால் ஆட்சி மாறாது. அமைச்சரவையில் இருப்பவர் காங்கிரஸ் உறுப்பினராக இருக்கவும் முடியாது. மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்கு 18 இடங்களும் உத்தரப் பிரதேசத்துக்கு 31 இடங்களும் இருக்க, செனட்டில் கலிபோர்னியாவுக்கும் வயோமிங்குக்கும் ஒரே அளவாக இரண்டு இடங்கள்தான் என்பதையும், அந்தச் சமரசம் 1787-இல் ஏன் தேவைப்பட்டது என்பதையும் இரவு உணவின்போது பிள்ளையை விளக்கச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் குறுக்குக் கேள்வி கேட்பதே அவர்களுக்கு நல்ல பயிற்சியாகும்.

பழைய வினாத்தாள்களை நம்பலாமா?

2019 மே முதல் தேர்வின் வடிவம் மாறியது. அதற்கு முந்தைய வினாக்கள் பாட அறிவைச் சோதிக்க உதவும், வடிவத்துக்கு உதவா. 2019 முதலான எழுத்து வினாக்களையும், அவற்றுக்கான மதிப்பெண் விளக்கங்களையும், மாணவர்களின் மாதிரி விடைகளையும் காலேஜ் போர்டு இலவசமாக வெளியிடுகிறது. முழு மதிப்பெண் பெற்ற விடையைவிட, ஒரு மதிப்பெண் குறைந்த விடையை எடுத்து அது ஏன் குறைந்தது என்று ஆராய்வதே அதிகம் கற்றுத்தரும்.

பள்ளியில் இந்த வகுப்பு இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியுமா? கல்லூரியில் பயன் உண்டா?

எழுதலாம். தேர்வை நடத்தும் ஒரு பள்ளியை நாடி இலையுதிர் காலத்திலேயே பதிவு செய்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் நவம்பரில் பதிவு முடிந்துவிடும். எந்த மதிப்பெண்ணுக்குப் பாடச் சலுகை தருவது என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானே முடிவு செய்கிறது. 3 போதும் என்பவையும் உண்டு, 4 அல்லது 5 கேட்பவையும் உண்டு.

கடைசி இரண்டு வாரங்களில் என்ன செய்வது?

புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். ஒன்பது ஆவணங்களையும் பதினான்கு வழக்குகளையும் வெற்றுத்தாளில் எழுதி, எந்த வழக்கு எந்த ஆவணத்தின் கருத்தோடு உறவுடையது என்று கோடிட்டு இணைத்துப் பாருங்கள். கோடு விழாத இடமே மீண்டும் படிக்க வேண்டிய இடம். புளூபுக் செயலியிலுள்ள மாதிரித் தேர்வை ஒருமுறையாவது முழு நேரமும் உட்கார்ந்து எழுதுங்கள். திரையில் நீண்ட பகுதியைப் படித்து, முக்கிய வரிகளுக்கு வண்ணமிட்டு, நேரங்காட்டியைப் பார்த்தபடி தட்டச்சு செய்வதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். தேர்வு நாளில் மடிக்கணினியை முழுமையாக மின்னேற்றம் செய்து எடுத்துச் செல்லுங்கள், அதன் மின்கம்பியையும் மறவாதீர்கள்.